மாட்டுப்பட்டிக்கு வரும் ஓடைகளை அளப்பது எப்படி?

மூணாறுக்குப் பக்கத்தில் உள்ள மாட்டுப்பட்டி அணைத் தண்ணீர் ஜனவரியில் ஒரு நிறம், ஜூலையில் வேறொரு நிறம். மழைக்காலத்தில் கொஞ்சம் கலங்குவது இயல்புதான். மழை நின்று பல வாரம் ஆகியும் தெளியவில்லை, கரையோரம் பச்சை படிகிறது என்றால்தான் யோசிக்க வேண்டும். அப்போதும் ஏரியை மட்டும் அளந்து பயனில்லை. ஏரிக்குள் வண்டல் ஒருமுறை இறங்கிவிட்டால் அதை அள்ளி எடுப்பது நம்மால் ஆகாத காரியம். வண்டலோடு வந்த பாஸ்பரஸ் அடியில் கிடந்து, பல வருடம் கழித்தும் பாசிக்குத் தீனி போடும். தடுக்க முடிந்த இடம் மேலே இருக்கிறது: தேயிலைக் காட்டுக்குள்ளும், லயங்கள் எனும் தொழிலாளர் வீட்டு வரிசைகளுக்குப் பின்னாலும், சாலையோரக் கடைகளுக்குக் கீழேயும் ஓடி வருகிற சின்னச் சின்ன ஓடைகள்.

அந்த ஓடைகளை அளந்து பார்க்க ஆசைப்படுகிற ஆசிரியர், குடும்பஸ்ரீ மகளிர் குழு அக்காமார், ஹோம்ஸ்டே நடத்துகிறவர், எஸ்டேட் லயத்து இளைஞர்கள் ஆகியோருக்காக இதை எழுதுகிறேன். அறிவியல் பட்டம் தேவையில்லை. ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்தில், வருடக்கணக்காகப் போய் நிற்கிற பிடிவாதம் இருந்தால் போதும்.

முதல் வேலை: எங்கே பெய்யும் மழை இங்கே வருகிறது?

கூகுள் எர்த்தையோ மலையின் உயரக் கோடுகளைக் காட்டும் ஒரு டோப்போ வரைபடத்தையோ எடுத்து வைத்துக்கொண்டு, மலை முகடுகளைப் பென்சிலால் இணைத்துக்கொண்டே வாருங்கள். ஏரியைச் சுற்றி ஒரு எல்லை கிடைக்கும். அதற்குள் விழும் மழை மட்டுமே நம் ஏரிக்குச் சொந்தம்.

நம் ஊரில் இது வேடிக்கையான விஷயம். டாப் ஸ்டேஷன் முகட்டில் நின்றால் மேற்கே விழும் மழை குண்டளை, மாட்டுப்பட்டி வழியாக முதிரப்புழையில் சேர்ந்து, பெரியாற்றோடு அரபிக்கடலுக்குப் போகிறது. கிழக்கே விழுவது கொட்டகுடி ஆறாகப் போடிப் பக்கம் இறங்கி வைகையில் கலக்கிறது. வட்டவடைப் பக்கம் விழுவது பாம்பாற்று வழியாக அமராவதிக்கும் அங்கிருந்து காவிரிக்கும் போகிறது. ஆகவே வட்டவடைக் காய்கறித் தோட்டத்தில் எவ்வளவு உரம் கொட்டினாலும் மாட்டுப்பட்டிக்கு அதனால் ஒன்றும் இல்லை. செண்டுவாரையிலோ எல்லப்பட்டியிலோ ஒரு சரிவு வெட்டப்பட்டால் அது நம் கணக்கு. இந்த எல்லையைப் போடாமல் அளக்கத் தொடங்குகிறவர்கள், சம்பந்தமில்லாத ஓடையில் மாதக்கணக்காகக் காலை நனைத்துவிட்டு வருவார்கள்.

இன்னொன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். குண்டளை அணை மேலே இருப்பதால், அங்கே வரும் வண்டலில் பெரும்பகுதி அங்கேயே படிந்துவிடும். குண்டளைக்கும் மாட்டுப்பட்டிக்கும் நடுவில் சேரும் ஓடைகள் அப்படி இல்லை, நேரே மாட்டுப்பட்டிக்குள் இறங்குகின்றன. ஆள் பலம் குறைவு என்றால் முதலில் அவற்றைப் பிடியுங்கள்.

இடம் தேர்வது

பத்து இடத்தில் அரைகுறையாக அளப்பதைவிட நான்கு இடத்தில் ஒழுங்காக அளப்பது மேல். இடங்களை ஜோடியாக எடுங்கள்: சந்தேகத்துக்குரிய பகுதிக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று. லயங்களுக்கு மேலே, லயங்களுக்குக் கீழே. கவாத்து வெட்டிய ஃபீல்டுக்கு மேலே, அதற்குக் கீழே. கீழே மட்டும் அளந்தால் தண்ணீர் கலங்கலாக இருக்கிறது என்று தெரியும், யாரால் கலங்கியது என்று தெரியாது. இரண்டையும் ஒரே மணி நேரத்துக்குள் அளந்தால், நடுவில் என்ன நடந்தது என்பதை ஓடையே சொல்லிவிடும்.

கூடவே ஒரு சுத்தமான ஓடையும் வேண்டும். சோலைக் காட்டுக்குள்ளிருந்து நேரே இறங்கி வருகிற, மனித வாடையே படாத ஒன்று. இந்த மலையில் தண்ணீர் இயல்பாக எப்படி இருக்கும் என்பதற்கு அதுதான் அளவுகோல்.

டாப் ஸ்டேஷன் சாலையில் உள்ள கலுங்குகளும் (சாலைக்கு அடியில் ஓடை கடக்கும் சிறு பாலங்கள்) பெரிய பாலங்களும் வசதி, மழையிலும் போய்ச் சேரலாம். ஆனால் பாலத்துக்கு நேர் கீழே அளக்காதீர்கள். சாலை அழுக்கு அங்கேதான் கொட்டும், கொஞ்சம் மேலே போய்விடுங்கள். தேயிலைக் காட்டுக்குள் போக எஸ்டேட் ஆபீஸில் சொல்லிவிட்டுப் போவது மரியாதை, சட்டமும் அதுதான். சோலைக்குள் போக வனத்துறை அனுமதி வேண்டும். அணைக்கரையில் இறங்க மின்வாரியத்திடம் கேட்க வேண்டும். எஸ்டேட்டில் முன்கூட்டியே பேசிவைத்தால் இன்னொரு லாபம் உண்டு: எந்த ஃபீல்டுக்கு எந்த வாரம் உரம் போடுகிறார்கள், எந்த ஃபீல்டு கவாத்து என்பதை மேஸ்திரியே சொல்லிவிடுவார். அந்தத் தேதிகள் தெரியாத அளவீடு பாதிக் குருடு.

என்ன வாங்க வேண்டும், என்ன வாங்க வேண்டாம்

முதலில் வேண்டாதது. ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் பேனா மாதிரியான டிடிஎஸ் மீட்டரை வைத்து ஆரம்பிக்காதீர்கள். அது தண்ணீரில் கரைந்த உப்பைத்தான் காட்டும், மண்ணைக் காட்டாது. நம் மலைத் தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. டீ மாதிரிச் செக்கச்செவேலென்று ஓடுகிற வெள்ளத்திலும் அந்த மீட்டர் சின்ன எண்ணைக் காட்டி, ‘நல்ல தண்ணீர்’ என்று பொய் சொல்லும். பின்னால் ஒருநாள், கழிவுநீர் எங்கே கலக்கிறது என்று துப்புத் துலக்க அது உதவலாம். முதல் கருவி அது இல்லை.

வேண்டியது ஒரு கலங்கல் குழாய். ஒரு மீட்டர் நீளமுள்ள தெளிவான அக்ரிலிக் குழாய், நான்கைந்து சென்டிமீட்டர் விட்டம். அடியில் கறுப்பும் வெள்ளையுமாகக் கால் கால் பங்கு பூசிய வட்டம் ஒட்டி, ஒழுகாமல் அடைக்க வேண்டும். பக்கவாட்டில் ஒரு டேப்பை ஒட்டி, அடிப்பக்கம் சின்னக் குழாயும் கிளிப்பும் வைத்துவிட்டால் வேலை முடிந்தது. குழாயை நிரப்பி, மேலிருந்து பார்த்துக்கொண்டே கிளிப்பைத் திறந்து தண்ணீரை விடுங்கள். அடி வட்டம் கண்ணுக்குத் தட்டுப்பட்ட உடனே நிறுத்தி, தண்ணீரின் உயரத்தைச் சென்டிமீட்டரில் எழுதுங்கள். நிழலில் நின்று, கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பாருங்கள். கலங்கலை என்டியூ என்ற அலகில் சொல்வது வழக்கம். இணையத்தில் கிடைக்கிற அட்டவணையை வைத்துச் சென்டிமீட்டரை என்டியூவாக மாற்றாதீர்கள், ஒவ்வொரு அட்டவணையும் ஒரு கதை சொல்லும். உங்கள் குழாய், உங்கள் சென்டிமீட்டர், அதுவே ஒப்பிடப் போதும்.

அப்புறம் ஒரு தெர்மாமீட்டர், 20 மீட்டர் டேப், நொடி காட்டும் கடிகாரம், கயிறு கட்டிய வாளி, அழியாத பேனா, மழை பட்டாலும் கிழியாத அட்டை போட்ட நோட்டு. செல்போனில் எழுதுவது உங்கள் விருப்பம், ஆனால் மூணாறு மழையில் தொடுதிரை விரலுக்குக் கட்டுப்படாது.

பஞ்சாயத்துகளில் ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட ஃபீல்டு டெஸ்ட் கிட் இருக்கலாம். அத்திட்டத்தில் ஊருக்கு ஐந்து பெண்களுக்கு அதில் பயிற்சி தருவது வழக்கம், அவர்களைத் தேடிப்பிடித்துக் குழுவில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒரு விஷயத்தில் கவனம்: அந்தக் கிட் குடிநீருக்கானது. குடிநீர் தரத்தில் நைட்ரேட் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை போகலாம். அதில் சிறு பங்கே ஏரிப் பாசிக்குப் போதுமானது. பாஸ்பரஸுக்குக் குடிநீர் தரத்தில் வரம்பே கிடையாது, ஆனால் ஏரியில் லிட்டருக்கு 20, 30 மைக்ரோகிராம் வந்தாலே பச்சை பிடிக்க ஆரம்பித்துவிடும். மைக்ரோகிராம் என்றால் மில்லிகிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு. குடிக்க நல்ல தண்ணீர் ஏரிக்கும் நல்ல தண்ணீர் என்று நினைத்துவிடாதீர்கள்.

ஓடையில் நின்று

வாரத்துக்கு ஒருமுறை, அதே கிழமை, அதே நேரம். காலை 9 மணி என்றால் எப்போதும் 9 மணி. வெயில் ஏற ஏறத் தண்ணீரின் சூடும் அதில் கரைந்த ஆக்சிஜனும் மாறும்.

கீழ்ப்பக்கத்திலிருந்து ஏறி, நீரோட்டத்தைப் பார்த்து நில்லுங்கள். நீங்கள் கிளப்பிவிட்ட சேறு உங்களுக்குப் பின்னால் போகட்டும். பாட்டிலை அதே ஓடைத் தண்ணீரில் மூன்று முறை அலசி, அலசிய தண்ணீரைப் பின்பக்கம் கொட்டுங்கள். நடு ஓட்டத்தில், மேல்பரப்புக்குக் கொஞ்சம் கீழே, அடிமண்ணைத் தொடாமல் நிரப்புங்கள். குளம்போலத் தேங்கி நிற்கும் இடத்தில் எடுக்காதீர்கள். ஓட்டம் முழங்காலுக்கு மேல் போனாலோ, தண்ணீர் சிவந்து வேகமாக வந்தாலோ உள்ளே இறங்கவே வேண்டாம், கலுங்கின் மேலிருந்து வாளி போடுங்கள்.

எடுத்த கையோடு எழுதுங்கள்: இடம், தேதி, மணி, குழாய் அளவு, தண்ணீரின் சூடு, முந்தின நாள் மழை, நிறம், வாசனை, மேலே ஆடு மாடு நிற்கிறதா, யாராவது துணி துவைக்கிறார்களா, யானை கடந்த தடம் இருக்கிறதா. இங்கே யானைக் கூட்டம் ஓடையில் இறங்கிவிட்டுப் போனால் அரை நாளுக்குத் தண்ணீர் கலங்கும். அந்தக் குறிப்பு இல்லையென்றால் பாவம் எஸ்டேட்டின் மேல் பழி விழும்.

மாதம் ஒருமுறை உங்களையே சோதித்துக்கொள்ளுங்கள். ஒரே தண்ணீரை இரண்டு பேர், ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் அளக்கட்டும். வித்தியாசம் பெரிதாக இருந்தால் பெரும்பாலும் கண் பிரச்சினையாகவோ வெளிச்சப் பிரச்சினையாகவோ இருக்கும்.

ஆக்சிஜன் கிட் கையில் இருந்தால் ஒரு மலைநாட்டுத் திருத்தம். 20 டிகிரி சூட்டில், கடல் மட்டத்தில், லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். மாட்டுப்பட்டி ஏறக்குறைய 1,700 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால் அதே தண்ணீரில் ஏழரை மில்லிகிராமைத் தாண்டாது. சமவெளிக்காரர் எழுதிய புத்தகத்தைப் பார்த்து ஓடை செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

மழையில் போகாதவர் அளக்கவே இல்லை

இதைத்தான் புதியவர்கள் தவறவிடுகிறார்கள். வெயில் நாளில் ஓடை பளிங்குபோல ஓடும், நோட்டில் எண்கள் அழகாக வரிசையாக நிற்கும், ஏரி மட்டும் கலங்கிக்கொண்டே இருக்கும். காரணம் எளிது: வருடம் முழுவதும் வருகிற வண்டலில் பெரும்பங்கு ஒரு சில கனமழையின் சில மணி நேரங்களில் வந்துவிடுகிறது. பாஸ்பரஸ் மண்துகளை ஒட்டிக்கொண்டு வருவதால் அதுவும் அப்போதே வரும்.

கணக்குப் போட்டால் புரியும். ஓட்டத்தை அளக்க, ஓடையின் நேரான பகுதியில் 10 மீட்டரை டேப் பிடித்துக் குறியுங்கள். ஒரு ஆரஞ்சுப் பழத்தைப் போடுங்கள், அது பாதி மூழ்கி மிதப்பதால் காற்று அதைத் தள்ளாது. எத்தனை நொடியில் கடக்கிறது என்று மூன்று முறை பார்த்துச் சராசரி எடுங்கள். அகலத்தையும், ஐந்தாறு இடத்தில் அளந்த ஆழத்தின் சராசரியையும் வேகத்தோடு பெருக்குங்கள். மேல்பரப்பு அடியைவிட வேகமாக ஓடுவதால், வருவதை 0.85-ஆல் பெருக்கிக் குறையுங்கள்.

2 மீட்டர் அகலம், 30 சென்டிமீட்டர் ஆழம், 10 மீட்டரை 20 நொடியில் கடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு ஏறக்குறைய 255 லிட்டர். மழைநேரத் தண்ணீரில் லிட்டருக்கு 200 மில்லிகிராம் வண்டல் இருந்தால் ஒரு மணி நேரத்தில் 180 கிலோவுக்கு மேல் மண் போகிறது. அதே ஓடை பிப்ரவரியில் நொடிக்கு 40 லிட்டர், லிட்டருக்கு 5 மில்லிகிராம் என்று ஓடினால் ஒரு மணி நேரத்துக்கு முக்கால் கிலோகூட இல்லை. அந்த ஒரு மணி நேர மழை, பத்து நாள் வெயிலுக்குச் சமம்.

ஆகவே வாரப் பழக்கத்தோடு, வருடத்தில் சில மழைகளையாவது பிடியுங்கள். மழை பிடித்த முதல் அரை மணி நேரத்திலும், ஓடை ஏறும்போதும், உச்சத்திலும், இறங்கும்போதும் எடுங்கள். கோடைக்குப் பின் வரும் முதல் பெருமழை மிக முக்கியம். மாதக்கணக்கில் சாலையிலும் வாய்க்காலிலும் கிடந்ததையெல்லாம் அதுதான் கழுவிக்கொண்டு வரும். மழையளவை எஸ்டேட் ஆபீஸில் கேளுங்கள், பல எஸ்டேட்டுகளில் மழைமானி வைத்துத் தினமும் எழுதுகிறார்கள்.

பாதுகாப்பு விஷயத்தில் விட்டுக்கொடுக்க முடியாது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் சரிந்த மலை 70 பேரைக் கொண்டுபோனது நம் கண்முன் நடந்தது. ரெட், ஆரஞ்சு எச்சரிக்கை இருக்கும் நாளில் யாரும் ஓடைக்குப் போக வேண்டாம். இரவில் வேண்டவே வேண்டாம். தனியாகப் போகக் கூடாது, விடியலிலும் அந்தியிலும் யானை நடக்கும் வழியை விட்டு விலக வேண்டும். மனமே கேட்கவில்லை என்றால் இதைச் செய்யுங்கள்: ஒரு கம்பத்தில் வெவ்வேறு உயரத்தில், வாய் மேலே இருக்கும்படி பாட்டில்களைக் கட்டி, வெயில் நாளிலேயே ஓடைக்குள் ஊன்றிவிட்டு வாருங்கள். தண்ணீர் ஏற ஏற ஒவ்வொன்றாகத் தானே நிரம்பும். மழை விட்ட பிறகு எடுத்துக்கொள்ளலாம். துல்லியம் குறைவு, உயிர் பத்திரம்.

கல்லைத் திருப்பிப் பாருங்கள்

தண்ணீர் மாதிரி அந்த நிமிடத்தை மட்டும் சொல்லும். கல்லுக்கு அடியில் வாழும் பூச்சிகள் கடந்த பல மாதங்களைச் சொல்லும். வருடத்துக்கு இரண்டு முறை, மழைக்கு முன்பும் பின்பும், வேகமாக ஓடும் இடத்தில் ஒரு சின்னக் கொசுவலைத் துணியைப் பிடித்துக்கொண்டு மேற்பக்கக் கற்களைக் கையால் தேயுங்கள். வலையில் விழுவதை வெள்ளைத் தட்டில் கொட்டுங்கள்.

கல்லோடு ஒட்டிக்கொள்ளும், இரண்டு வால் உள்ள ஸ்டோன்ஃப்ளை குஞ்சு இருந்தால் தண்ணீர் நன்றாக இருக்கிறது. மூன்று வாலும் இடுப்போரம் இலை இலையாகச் செவுளும் உள்ளது பெரும்பாலும் மேஃப்ளை. மணல் துகளைக் கோத்து வீடு கட்டிக்கொண்டு நடக்கிறது கேடிஸ். இந்த மூன்றும் மேல் இடத்தில் நிறைய இருந்து, கீழ் இடத்தில் காணாமல் போய், பதிலுக்குச் சிவப்புப் புழுக்கள் மட்டும் நெளிகின்றன என்றால் நடுவில் கழிவு கலக்கிறது. பூச்சி எல்லாமே குறைந்து, கல்லிடுக்கில் மண் அடைத்திருந்தால் வண்டல்தான் காரணம். காலில் ஏறுகிற அட்டையைக் கணக்கில் சேர்க்காதீர்கள், அது கரையில் நமக்காகவே காத்திருக்கிற ஆள். பார்த்து முடித்ததும் பூச்சிகளை விட்டுவிட்டு, கல்லைப் பழையபடி வையுங்கள்.

ஆய்வகத்துக்கு எதை அனுப்புவது

மொத்த பாஸ்பரஸ், நைட்ரேட், கழிவு கலந்ததைக் காட்டும் கோலிஃபார்ம் கிருமி ஆகிய மூன்றும் நம் குழாயால் தெரியாது. கேரள வாட்டர் அதாரிட்டியின் தர ஆய்வகத்திலோ அருகில் உள்ள கல்லூரியின் வேதியியல் துறையிலோ பேசி, பாட்டிலையும் அவர்களிடமே வாங்குங்கள். சோப்புத்தூள் போட்டுக் கழுவிய வீட்டுப் பாட்டிலில் எடுத்தால் சோப்பின் பாஸ்பரஸையே அளந்து கொடுப்பார்கள். கோலிஃபார்முக்குக் கிருமி நீக்கிய பாட்டில் வேண்டும், அதை ஓடைத் தண்ணீரில் அலசக் கூடாது. ஐஸ் பெட்டியில் வைத்து ஆறு மணி நேரத்துக்குள் சேர்ப்பது நல்லது. மலைச்சாலைப் போக்குவரத்தைக் கணக்கில் எடுத்துக் காலையிலேயே கிளம்புங்கள், விடுமுறை நாளில் மூணாறு டவுனைக் கடப்பதே தனி யாத்திரை. செலவு அதிகம் என்பதால் இதை எல்லா வாரமும் செய்ய வேண்டாம். முதல் பெருமழைக்கு ஒன்று, மழைக்கால நடுவில் ஒன்று, கோடையில் ஒன்று போதும்.

ஏரியிலும் ஒரு அளவு

20 சென்டிமீட்டர் விட்டமுள்ள, கறுப்பு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்குவது செக்கி தட்டு. 1865-இல் ஆஞ்செலோ செக்கி என்ற இத்தாலியப் பாதிரியார் மத்தியதரைக் கடலில் முயன்று பார்த்த வழி இன்றும் உதவுகிறது. படகின் நிழல் பக்கத்தில், காலை 10 முதல் பிற்பகல் 2 மணிக்குள், தட்டு மறைகிற ஆழத்தையும் மேலே இழுக்கும்போது மறுபடி தெரிகிற ஆழத்தையும் அளந்து சராசரி எடுங்கள். பாசியே கலங்கலுக்குக் காரணமான ஏரியில் 4 மீட்டர் என்றால் நல்ல தெளிவு, 2 மீட்டருக்குள் வந்தால் ஊட்டச்சத்து மிகுந்துவிட்டது என்று பொருள். இது 1977-இல் கார்ல்சன் வகுத்த அளவு. மண்ணால் கலங்கும் அணைக்கு அது அப்படியே பொருந்தாது. நம்முடையது மின்சாரத்துக்காக நிரப்பி இறக்குகிற நீர்த்தேக்கம் என்பதால், அன்றைய நீர்மட்டத்தையும் பக்கத்தில் எழுதுங்கள். மட்டம் இறங்கிக் கரைச்சேறு வெளியே தெரியும் மாதத்தில் தெளிவு குறைவதற்கு ஓடையைக் குற்றம் சொல்ல முடியாது.

எண்களைக் கையில் வைத்துக்கொண்டு

ஒரு மழைக்காலம் முடிந்ததும் மேல் இடம், கீழ் இடம் இரண்டையும் ஒரே தாளில் கோடு போடுங்கள். இடைவெளி எங்கே விரிகிறதோ அங்கே நடந்து போய்ப் பாருங்கள். பெரும்பாலும் விடை கண்ணுக்கு எதிரே இருக்கும்: கவாத்துக் குச்சிகளை விறகுக்கு எடுத்துப் போனதால் மூடாக்கு இல்லாமல் கிடக்கும் சரிவு, நிரம்பிப்போன வண்டல் குழிகள், சாலை வெட்டிய மண்ணைக் கலுங்கு வாயில் தள்ளியது, ஓடைக்கரையில் மாட்டுத்தொழுவம், கசியும் செப்டிக் டேங்க்.

முதலில் சம்பந்தப்பட்டவரிடமே போங்கள். “உங்க ஃபீல்டுக்குக் கீழே இந்த மழைக்கு இவ்வளவு மண்ணு வந்திருக்கு சார், வண்டல் குழியைத் தூர் எடுத்தா நிக்கும்” என்று எண்ணோடு சொன்னால் காது கொடுப்பார்கள். மேல்மண் போவது அவர்களுக்கும் நஷ்டம். லயத்துக் கழிவுநீர் என்றால் அங்கே குடியிருப்பவர்களைக் குறை சொல்வதில் நியாயமில்லை, குழாய் போட்டுக் கொடுக்க வேண்டியவர்கள் வேறு. அதைக் கிராம சபையில் எழுத்தாகக் கொடுங்கள். மறுபடியும் நடந்தால் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கு எழுதுங்கள், தேதி, மணி, இடம், மேல் கீழ் அளவுகள், புகைப்படம் எல்லாம் சேர்த்து. ஒரே ஒரு மோசமான நாளின் எண்ணை வைத்துக்கொண்டு சண்டைக்குப் போகாதீர்கள், மூன்று மழைகளில் அதே மாதிரி வந்த பிறகு போங்கள்.

தொடங்க நல்ல மாதம் ஏப்ரல். குழாய் செய்ய, இடம் பார்க்க, அனுமதி வாங்க, வறண்ட கால அளவுகளைக் கொஞ்சம் சேர்க்க ஒன்றரை மாதம் கிடைக்கும். ஜூன் முதல் வாரத்தில் மழை பிடிக்கும்போது பாட்டில்கள் கழுவித் தயாராக இருக்க வேண்டும்.